ஓய்வுபெற்ற போர் விமானங்களைத் தேடி: பெங்களூரு, கோவா, விசாகப்பட்டினம்

வியாழன், பெங்களூரு

பழைய போர் விமானங்களைப் பார்க்க ஆசைப்படுபவர்களிடம் டெல்லி பாலத்தில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வதுதான் வழக்கம். அது பெரிய இடம், அவசியம் பார்க்க வேண்டியதும்கூட. ஆனால் நான் சிறிய அருங்காட்சியகங்களையே அதிகம் விரும்புகிறேன். அங்கே ஒரே விமானத்தின் அருகில் அரை நாள் நிற்கலாம், குனிந்து அதன் வயிற்றுப் பகுதியைப் பார்க்கலாம், வெயில் நகர்வதற்காகக் காத்திருந்து அதே கோணத்தில் மீண்டும் படம் எடுக்கலாம். இந்த முறை கோவையில் இயந்திரப் பொறியியல் படிக்கும் என் சித்தி மகனும் உடன் வந்திருக்கிறான். ஒவ்வொரு விமானத்தின் முன்னும் 'இந்த வடிவம் எதற்காக?' என்று கேட்டு, விடை ஓரளவு பிடிபட்ட பிறகே கேமராவை எடுப்பது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். போர் விமானத்தின் உடலில் அழகுக்காக வைத்த வளைவு என்று எதுவும் கிடையாது. எஞ்சினின் பலம், கப்பல் தளத்தின் நீளம், எரிபொருள் வைக்கக் கிடைத்த இடம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் கட்டாயம்தான் ஒவ்வொரு வளைவிலும் இருக்கிறது.

அந்தக் கேள்வியோடு முதலில் நின்றது கஸ்தூர்பா சாலையில், விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் வெளியே இருக்கும் எச்எப்-24 மாருத் விமானத்தின் முன். பள்ளிப் பிள்ளைகள் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டு கடந்து போகிறார்கள். ஆசியாவில் சோவியத் ஒன்றியத்துக்கு வெளியே போர் ஜெட் விமானம் ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்துத் தொழிற்சாலையில் கட்டுவது மிக அரிதாக இருந்த காலத்தில், பெங்களூரில் பிறந்த விமானம் அது. வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190 போர் விமானத்தை உருவாக்கியவர் அவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவுக்குப் போய்ப் புல்கி-2 என்ற ஜெட் விமானத்தில் உழைத்துவிட்டு 1950களின் நடுவில் இந்தியாவுக்கு வந்தார். எஞ்சின் பொருத்துவதற்கு முன்பே, உண்மையான அளவில் மரத்தால் கிளைடர் ஒன்றைச் செய்து, 1959இல் டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுக் காற்றில் அதன் குணத்தைச் சோதித்தார்கள். 1961 ஜூனில் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதல் மாருத்தை வானில் ஏற்றினார்.

பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒலியின் வேகத்தைத் தாண்டுவதற்காகவே வரையப்பட்ட உடல் என்பது உடனே புரியும். மூக்கு கூராக நீண்டிருக்கிறது, இறக்கைகள் நன்றாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன, இறக்கை சேரும் இடத்தில் உடல் இடுப்பைப் போல ஒடுங்குகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென உயர்வதைக் குறைக்கத்தான் அந்த ஒடுக்கம். பிறகு வால் பக்கம் போய் நின்றால், அருகருகே இருக்கும் இரண்டு புகைபோக்கிகளும் இந்த உடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குச் சிறியவையாகத் தெரிகின்றன. மாருத்தின் துயரம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆஃப்டர்பர்னர் (புகைக்குழாயில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) கொண்ட, பலம் மிகுந்த ஓர்ஃபியஸ் எஞ்சினை நம்பி விமானத்தை வரைந்தார்கள். அந்த எஞ்சினை உருவாக்கி முடிக்கும் செலவை ஏற்க பிரிட்டனும் முன்வரவில்லை, இந்தியாவும் முன்வரவில்லை. கடைசியில் ஆஃப்டர்பர்னர் இல்லாத ஓர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றும் தரும் உந்துவிசை 4,850 பவுண்டு மட்டுமே. ஒலியின் இரு மடங்கு வேகத்தைக் கனவு கண்ட உடல், சமமட்டத்தில் பறக்கையில் ஒலியின் வேகத்தோடு நின்றுவிட்டது.

"அண்ணா, அப்ப இதைத் தோல்வின்னு சொல்லலாமா?" என்று தம்பி கேட்டான். நான் அப்படி நினைக்கவில்லை. மொத்தம் 147 மாருத் விமானங்கள் கட்டப்பட்டன. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் 10ஆம், 220ஆம் ஸ்குவாட்ரன்கள் இவற்றை ஓட்டித் தரைத் தாக்குதல்களில் ஈடுபட்டன. இரட்டை எஞ்சின் இருந்ததால், தரையிலிருந்து சுடப்பட்டு ஓர் எஞ்சினை இழந்த விமானமும் தளம் திரும்ப முடிந்தது. தாழ்வாகப் பறந்து தாக்கும்போது ஆடாமல் அசையாமல் நின்றதை விமானிகள் பெரிதும் விரும்பினார்கள். நான்கு 30 மி.மீ. பீரங்கிகளின் வாய்கள் மூக்கின் இரு பக்கமும் இன்னும் தெரிகின்றன. சரியான எஞ்சின் கிடைக்காத நல்ல விமானம் என்பதுதான் இதைப் பற்றிய நியாயமான தீர்ப்பு.

படம் எடுப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் இடம் நெருக்கமாக இருப்பதால் அகலக் கோண லென்ஸை மாட்டிக்கொண்டு மூக்கருகே நின்று எடுக்கத் தோன்றும். அப்படி எடுத்தால் மூக்கு பூதாகரமாகவும் வால் எங்கோ தொலைவில் சிறுத்தும் விழும், வடிவமைத்தவர் வரைந்த விகிதம் படத்தில் இருக்காது. சாலையின் மறுபக்கம் வரை பின்னால் போயாவது 50 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸில் எடுத்தால்தான் மாருத்தின் இடுப்பு படத்தில் இடுப்பாக விழுகிறது.

வெள்ளி, பெங்களூரு

பழைய விமான நிலையச் சாலையில், மாரத்தஹள்ளிக்குப் போகும் வழியில், விமானங்களைக் கட்டும் அரசு நிறுவனமான எச்ஏஎல்லின் பாரம்பரிய மையம் இருக்கிறது. 2001இல் திறந்தார்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கதவு திறந்ததும் நேராக வெளித்தோட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்பது என் கருத்து. உச்சி வெயில் வந்துவிட்டால் வெள்ளி நிற உடல்களில் ஒளி தெறித்து ரிவெட் வரிசைகள் எல்லாம் அழிந்துபோகும். மதியத்தை உள்ளே இருக்கும் கூடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் எச்டி-2 பயிற்சி விமானத்தின் அருகில்தான் எனக்கு நேரம் போவது தெரியவில்லை. டாக்டர் வி.எம். கட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1951இல் பறந்தது, இந்தியாவில் வரைந்து இந்தியாவில் கட்டிய விமானங்களின் வரிசையில் முன்னால் நிற்பது. ஒரு புரொப்பெல்லர், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், வாலுக்கு அடியில் ஒரு சிறு சக்கரம். வால் தரையைத் தொட்டு மூக்கு வானத்தைப் பார்த்து நிற்பதால், தரையில் ஓட்டும்போது விமானிக்கு எதிரே இருக்கும் பாதை தெரியாது. வளைந்து வளைந்து ஓட்டித்தான் இரு பக்கமும் பார்க்க வேண்டும். இந்த விமானத்தில் கற்றுக்கொண்டவர்கள் பின்னாளில் ஜெட் விமானங்களை ஓட்டினார்கள். கானா நாட்டின் விமானப் படை தொடங்கியபோது 12 எச்டி-2 விமானங்களை வாங்கிக்கொண்டது என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. விமானத்தை ஏற்றுமதி செய்வது பற்றி இப்போது பேசும்போதெல்லாம் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அஜீத் இன்னொரு வகையில் வியப்பூட்டுகிறது. பிரிட்டனின் ஃபாலண்ட் நாட் விமானத்தை உரிமம் பெற்று இங்கே கட்டிய எச்ஏஎல், பின்னர் அதைத் திருத்தி அஜீத் ஆக்கியது. இறக்கையின் உள்ளேயே எரிபொருளை வைத்ததால், வெளியே தொங்கிய எரிபொருள் தொட்டிகளின் இடம் ஆயுதங்களுக்குக் கிடைத்தது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 7 மீட்டர்கூட இல்லை. அதன் அருகில் நிற்கும் ஆளின் தோளுக்குச் சற்று மேலேதான் காக்பிட்டின் விளிம்பு வருகிறது. 1965 போரில் நாட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்கொண்டு பெயர் பெற்றன. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செகோன் ஒற்றை ஆளாக எதிரி விமானங்களோடு போரிட்டு உயிர் நீத்ததும், விமானப் படையின் ஒரே பரம் வீர் சக்கரத்தைப் பெற்றதும் நாட் விமானத்தில்தான். இவ்வளவு சிறிய உடலில் வேகத்தைக் குறைக்கும் தடுப்புத் தகடுகளுக்கு இடம் எங்கே என்று தேடினோம். சக்கரங்களின் கதவுகளையே பாதி இறக்கிக் காற்றைத் தடுக்கும்படி நாட் விமானத்தில் செய்திருந்தார்கள். இடமில்லாத குறையை அவ்வளவு அழகாகத் தீர்த்த வடிவமைப்பாளர் டபிள்யூ.இ.டபிள்யூ. பெட்டர். குனிந்து அந்தக் கதவுகளை மட்டும் தனியாகப் பல படங்கள் எடுத்தேன்.

கிரண் பயிற்சி ஜெட்டும் மிக்-21உம் இங்கே இருக்கின்றன. மிக்-21 விமானப் படையிலிருந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றுவிட்டது. 1963இல் வந்த விமானம் அது. நாடு முழுவதும் பள்ளிகளின் முன்னும் சாலைச் சந்திப்புகளிலும் நிறுத்தப்பட்டிருப்பதால் அதற்காக நான் நேரம் செலவிடவில்லை.

உள்கூடங்களில் 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு இந்த ஆலையைத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பத்தாண்டையும் புகைப்படங்களாக வைத்திருக்கிறார்கள். போர்க் காலத்தில் அமெரிக்க விமானப் படை இந்த ஆலையைப் பழுதுபார்ப்புத் தளமாகப் பயன்படுத்தியது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்த அப்துல் கலாம் பயிற்சிக்காக வந்து, எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை கற்றுக்கொண்டதும் இந்த ஆலையில்தான். எஞ்சின் கூடத்தில் தம்பியை வெளியே அழைத்து வருவதே பெரும்பாடாகிவிட்டது. ஓர்ஃபியஸ் எஞ்சினின் அருகில் நின்று நேற்றைய கேள்வியைத் தொடர்ந்தான்: "இது போதலைன்னு தெரிஞ்ச பிறகு வேற எஞ்சினே தேடலையா அண்ணா?"

தேடினார்கள். அந்தத் தேடல் எகிப்து வரை போனது. கெய்ரோ அருகே ஹெல்வானில் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் ஈ-300 என்ற ஜெட் எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார். எகிப்தின் எச்ஏ-300 போர் விமானத்துக்கான எஞ்சின் அது. மாருத்துக்கும் அது பொருந்தும் என்று இந்தியா நம்பி, சோதனைக்காக ஒரு மாருத் விமானத்தையே எகிப்துக்கு அனுப்பியது. 1967இல் அந்த மாருத் ஒரு பக்கம் ஈ-300, மறு பக்கம் ஓர்ஃபியஸ் என்று பறந்தது. 1960களின் இறுதியில் எகிப்து திட்டத்தைக் கைவிட்டதும் அந்த வழியும் மூடிவிட்டது. இங்கேயும் ஓர்ஃபியஸுக்கே ஆஃப்டர்பர்னர் பொருத்திப் பார்த்தார்கள். அப்படி மாற்றிய விமானத்தைச் சோதிக்கும்போதுதான் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். பழைய சென்னைச் சாலையிலிருந்து விமான நிலையச் சாலைக்கு வரும் வழிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். தினமும் அதில் போக்குவரத்து நெரிசலில் நிற்பவர்கள் ஒரு முறையாவது அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றிப் படிக்க வேண்டும்.

சனி, வாஸ்கோ

இரவு வண்டியில் ஹூப்பள்ளியைக் கடந்து, காஸில் ராக் மலைப்பாதையில் இறங்கி, தூத்சாகர் அருவியின் ஓரமாக வாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தோம். மதியம் போக்மாலோ போகும் சாலையில் இடத்தை மட்டும் பார்த்து, நாளை காலை எந்த விமானத்தின் மீது எந்தப் பக்கமிருந்து வெயில் விழும் என்று குறித்துக்கொண்டேன். வருபவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும், அன்று விடுமுறை. அருகிலேயே கடற்படையின் தாபோலிம் தளம் இயங்குகிறது. அருங்காட்சியகத்துக்கு வெளியே அந்த வேலிப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது.

ஞாயிறு, போக்மாலோ

கடற்படை விமான அருங்காட்சியகம் 1998 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஒரு மாடிக் கட்டடமும், விமானங்கள் நிற்கும் திறந்தவெளியும் மட்டுமே. இந்த இடத்தின் மண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தாபோலிம் ஓடுபாதை போர்ச்சுகீசியர் போட்டது. 1961 டிசம்பர் 18 அன்று கோவா விடுதலை நடவடிக்கையில் இந்தியக் கான்பரா விமானங்கள் குண்டு வீசியதும் அதே ஓடுபாதையில்தான். பின்னர் அதைச் செப்பனிட்டுக் கடற்படை தன் விமானங்களின் வீடாக்கிக்கொண்டது.

எல்லோரும் முதலில் ஓடுவது சூப்பர் கான்ஸ்டலேஷனை நோக்கி. நான் தம்பியை ஷார்ட் சீலாண்ட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிறிய விமானம். வயிறு படகின் அடிப்பாகம்போல் செதுக்கப்பட்டிருக்கிறது. இந்தியக் கடற்படையின் விமானப் பிரிவு 1953இல் கொச்சியில் உயிர்பெற்றது இந்தச் சீலாண்ட் விமானங்களோடுதான். பெல்ஃபாஸ்ட் நகரின் ஷார்ட் நிறுவனம் உலகுக்காகக் கட்டிய சீலாண்ட்கள் மொத்தமே 25. அவற்றில் எஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை, அவற்றுள் ஒன்று இது. விமானம் தாங்கிக் கப்பலான முதல் விக்ராந்தும் அதே பெல்ஃபாஸ்டில் முடிக்கப்பட்டு 1961 மார்ச் 4 அன்று அங்கேயே கடற்படையில் சேர்ந்தது. நம் கடற்படை விமானிகளின் தொடக்கம் இரு வகையிலும் அந்த ஊரில் இருக்கிறது.

எஞ்சின்களையும் இறக்கையையும் உடலுக்கு மேலே தூக்கி வைத்திருப்பது எதற்காக என்று தம்பி தானாகவே சொல்லிவிட்டான்: கடல் நீர் தெறித்து எஞ்சினுக்குள் போகாமல் இருக்க. படகு வயிற்றின் நடுவே ஒரு படி வைத்திருப்பதைப் படம் எடுக்கப் புல்லில் படுக்க வேண்டியிருந்தது. அந்தப் படி இல்லாவிட்டால் நீர் வயிற்றை விடாமல் பற்றிக்கொள்ளும், விமானம் மேலெழும்பாது.

அடுத்து சீ ஹாக். இதன் வடிவம் ஒரு கச்சிதமான கணக்கு. ஜெட் எஞ்சினின் புகை வழக்கமாக வால் வழியாக வெளியேறும். ஹாக்கர் நிறுவனத்தின் பொறியாளர்கள் அதை இரண்டாகப் பிரித்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தின் பின்னால் இரு பக்கமும் வெளியேறச் செய்தார்கள். இதனால் வாலுக்குப் போகும் நீண்ட குழாய் தேவைப்படவில்லை, அந்த இடம் எரிபொருளுக்குக் கிடைத்தது. கடலின் நடுவே நகரும் தளத்தைத் தேடித் திரும்ப வேண்டிய விமானிக்கு மிச்சமிருக்கும் எரிபொருள்தான் உயிர். விக்ராந்தின் நீளம் 213 மீட்டர். நீராவி விசையால் அதன் முனையிலிருந்து எறியப்பட்டு, திரும்பி வரும்போது வாலில் உள்ள கொக்கியால் தளத்தின் கம்பியைப் பற்றி நின்றவை இந்த விமானங்கள். 1971 டிசம்பர் 4 அன்று 300ஆம் ஸ்குவாட்ரனின் சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரைத் தாக்கின, தொடர்ந்து சிட்டகாங்கையும். மடங்கும் இறக்கையின் கீல்களையும் வால் கொக்கியையும் விடாமல் படமெடுத்தேன். கப்பல் விமானத்தை நில விமானத்திலிருந்து பிரித்துக் காட்டுபவை அவைதான்.

பக்கத்தில் நிற்கும் பிரெஞ்சு அலிசே மெதுவான, பொறுமையான இயந்திரம். நீர்மூழ்கிகளைத் தேடுவது அதன் வேலை. வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் ராடார் தேடும் நேரத்தில் கீழே இறங்கும். சக்கரங்களை மடக்கி வைக்கும் இறக்கைக் கூடுகளின் முன்பாகத்தில், கடலில் போட்டு நீர்மூழ்கியின் ஒலியைக் கேட்க உதவும் சோனோபாய்களை வைத்திருந்தார்கள். ஓர் அங்குலத்தைக்கூட வீணாக்கவில்லை. அந்தரத்தில் நிற்கவும் செங்குத்தாக இறங்கவும் கூடிய சீ ஹாரியர் இங்கே பெரும்பாலான இளைஞர்களை ஈர்க்கிறது, அதில் நியாயம் உண்டு. முதல் மூன்று ஹாரியர்கள் 1983 டிசம்பர் 16 அன்று இதே தாபோலிமில் வந்து இறங்கின; 2016 மே மாதம் இதே தளத்தில் விடைபெற்றன. நான்கு சுழலும் புகைவாய்களையும் அருகிலிருந்து பார்த்தால் முன்னிரண்டுக்கும் பின்னிரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். முன்னிரண்டில் விசிறியின் குளிர்ந்த காற்றும், பின்னிரண்டில் எரிந்த வாயுவும் வெளிவரும். அந்தரத்தில் நிற்கும்போது இறக்கையும் வாலும் பயன்படாது என்பதால் மூக்கிலும் வாலிலும் இறக்கை முனைகளிலும் சிறு துளைகள் வழியாகக் காற்றைப் பீய்ச்சித்தான் சமநிலை காத்தார்கள். அந்தத் துளைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது தம்பிக்கு ஒரு மணி நேர வேலையாகிவிட்டது.

சூப்பர் கான்ஸ்டலேஷனைக் கடைசியாக, வெயில் சாயும் நேரத்துக்கு வைத்திருந்தேன். பிறப்பால் இது போர் விமானமே அல்ல. ஏர் இந்தியா 1950களில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக வாங்கிய விமானங்களில் ஒன்று. அன்றைய பெயர் 'ராணி ஆஃப் எல்லோரா'. போயிங் 707 வந்ததும் இவை விமானப் படைக்குப் போயின. 1976இல் கடற்படை ஐந்து விமானங்களை வாங்கிக்கொண்டு, நெடுந்தூரக் கடல் கண்காணிப்புக்காக 312ஆம் ஸ்குவாட்ரனைத் தொடங்கியது. உடல் முழுவதும் ஒரே நேர் உருளையாக இல்லை, மீனைப் போல வளைந்து போகிறது. பெரிய புரொப்பெல்லர்கள் தரையில் இடிக்காமலிருக்க விமானம் உயர்ந்து நிற்க வேண்டியிருந்தது, முன்கால் மிதமிஞ்சி நீண்டுவிடாதபடி மூக்கைக் கீழே வளைத்தார்கள், ஒற்றை வால் வைத்தால் அன்றைய ஹேங்கர்களுக்குள் நுழையாது என்பதால் மூன்றாகப் பிரித்தார்கள். இவ்வளவு கட்டாயங்களும் சேர்ந்து, பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத உருவம் ஒன்றைப் பெற்றெடுத்திருக்கின்றன.

இதை எழுதும்போது மனதில் இருக்கும் கவலையையும் எழுதிவிடுகிறேன். அலுமினியத்துக்கு உப்புக் காற்று நஞ்சு. மழைக்காலத்தில் கோவாவில் பெய்யும் மழையும், பிறகு வரும் வெயிலும், அரபிக் கடலின் உப்பும் சேர்ந்து எந்த விமானத்தையும் ரிவெட்டுகளின் விளிம்பிலிருந்துதான் தின்னத் தொடங்கும். வேறு உலோகத்தால் ஆன ஆணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு அங்கே வேர் பிடிக்கும். மேலே பூசும் வண்ணம் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது. போர் விமானங்களைத் திறந்தவெளியில் நிறுத்துவது உலகெங்கும் நடப்பதுதான், செலவு அப்படி. இருந்தாலும் உலகில் மிகச் சிலவே எஞ்சியிருக்கும் சீலாண்டுக்கும், இந்தக் கான்ஸ்டலேஷனுக்குமாவது நிரந்தரக் கூரை வேண்டும். பக்கச் சுவர் இல்லாத, மழையையும் நேர் வெயிலையும் தடுக்கும் தகரக் கூரை போதும். அதுவரை எங்களைப் போன்றவர்கள் எடுக்கும் படங்களுக்கு ஒரு பயன் உண்டு. பல ஆண்டுகளில் பலர் எடுத்த படங்களைத் தேதியோடு அடுக்கினால் எந்த மூட்டு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதற்கு அவை சாட்சியாகும். ஆகவே முழு உருவப் படத்தோடு நிறுத்தாமல், சக்கரக் கால்கள், இறக்கைக் கீல்கள், கதவு விளிம்புகள், வரிசை எண் ஆகிய ஒவ்வொன்றையும் நெருங்கி எடுத்து, எடுத்த தேதியோடு சேமித்து வைக்கும்படி வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கள், ரயிலில்

ஹூப்பள்ளியில் வண்டி மாறி ஆந்திராவை நோக்கிப் போகிறோம். விசாகப்பட்டினக் கடற்கரை அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை என்பதால் இந்த நாளை ரயிலுக்கே கொடுத்துவிட்டோம். படங்களை வரிசை எண்வாரியாகப் பிரித்து வைத்தேன். தம்பி மேல் படுக்கையில் ஹாரியர் பற்றிய குறிப்புகளோடு இருக்கிறான்.

செவ்வாய், விசாகப்பட்டினம்

ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் டியூ-142 கடல் கண்காணிப்பு விமானத்தைத் தொலைவிலிருந்து பார்த்தபோதே நடையை நிறுத்திவிட்டோம். நீளம் 53 மீட்டர், இறக்கை அகலம் 50 மீட்டர். கோவாவில் பார்த்த கான்ஸ்டலேஷனின் நேரடி வாரிசு இது. அதே 312ஆம் ஸ்குவாட்ரன்தான் 1988இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து எட்டு டியூ-142 விமானங்களைப் பெற்றது. முதலில் கோவாவிலும், 1992இல் ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் தொடங்கப்பட்டதும் நம் அரக்கோணத்திலும் இருந்து வங்கக் கடல் முழுவதையும் இந்தியப் பெருங்கடலின் பெரும் பகுதியையும் காவல் காத்தன. 2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்தில் விடைபெற்றன. ஒரு விமானத்தை விசாகப்பட்டினத்துக்குப் பறந்து கொண்டுவந்து, பிரித்து, இந்தக் கடற்கரையில் மீண்டும் பூட்டி, அதே ஆண்டு டிசம்பரில் அருங்காட்சியகமாக்கினார்கள்.

நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றின் முன்னும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள். ஒரே திசையில் சுழன்றால் வீணாகும் காற்றின் சுழற்சியை இரண்டாவது புரொப்பெல்லர் மீட்டெடுத்துக்கொள்கிறது. இதனால்தான் புரொப்பெல்லர் விமானமாக இருந்தும் இதன் இறக்கைகள் ஜெட் விமானத்தைப்போல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன, மணிக்கு 900 கிலோமீட்டரையும் தாண்டியது. இந்த என்கே-12 எஞ்சினைக் கண்டதும் தம்பியிடம் சொல்லக் காத்திருந்ததைச் சொன்னேன். போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெர்மன், ஆஸ்திரியப் பொறியாளர்கள் குஸ்நெட்சோவ் வடிவமைப்பகத்தில் இதை உருவாக்கினார்கள். அந்தக் குழுவை வழிநடத்தியவர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர். ஆஸ்திரியாவுக்குத் திரும்பி, பின்னர் எகிப்துக்குப் போய் ஈ-300 எஞ்சினைச் செய்த அதே மனிதர். மாருத்துக்கு அவருடைய எஞ்சின் கிடைக்காமல் போயிற்று. அவர் கையால் உருவான இன்னோர் எஞ்சின் அரக்கோணத்திலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு இந்தியக் கடல்களின் மீது பறந்தது. தம்பி சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு என் குறிப்பேட்டை வாங்கி இரண்டு எஞ்சின்களின் பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டான்.

இங்கே விமானத்தின் உள்ளே நடந்து பார்க்கலாம். வழிகாட்ட நின்றவர் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர், அரக்கோணத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "விடியற்காலையில இது எஞ்சின் போட்டா அரக்கோணம் ஊருக்கே கேக்கும் தம்பி. டீக்கடைக்காரர் நேரம் பார்க்கவே மாட்டார்" என்றார். உள்ளே எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று கேட்டேன். "பத்து மணி நேரம் சாதாரணம் சார். கடலைப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஒண்ணும் கிடைக்காம திரும்புற நாள்தான் அதிகம். கிடைக்கலைன்னாலும் அது வேலைதான்" என்றார்.

பக்கத்துக் கூடத்தில் சோனோபாய்களை வைத்திருக்கிறார்கள். விமானத்திலிருந்து கடலில் போடும் நீண்ட குழல் அது. அதன் ஒலிவாங்கி கம்பியில் தொங்கியபடி ஆழத்துக்கு இறங்கும், நீருக்கடியில் கேட்கும் ஒலியை மிதக்கும் பகுதி வானொலி அலையாக மேலே அனுப்பும். இப்படிப் பலவற்றை வரிசையாகப் போட்டு, எந்தக் குழலில் ஒலி உரக்கக் கேட்கிறது என்பதை வைத்து நீர்மூழ்கியின் இடத்தைக் கணிப்பார்கள். இன்று 312ஆம் ஸ்குவாட்ரன் அரக்கோணத்திலிருந்து பி-8ஐ ஜெட் விமானங்களில் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தக் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. காலை ஒளி கடலிலிருந்து நேராக வரும், மாலையில் நகரத்தின் பக்கமிருந்து சாய்ந்து வந்து கட்டடங்களின் நிழலைச் சீக்கிரமே விழச் செய்துவிடும். புரொப்பெல்லர்களின் முகத்தை எடுக்க மாலைக்காகக் காத்திருக்காமல் காலையில் வெளியிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. விமானத்தின் உள்ளே இடம் மிகக் குறுகியது, ஃபிளாஷ் போட்டால் கருவிகளின் கண்ணாடிகள் ஒளியைத் திருப்பி அடிக்கும்; கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை உயர்த்திக்கொண்டு கையை உறுதியாக வைத்து எடுப்பதே சரி. முழு விமானத்தையும் ஒரே படத்தில் அடக்கச் சாலையைக் கடந்து கடற்கரை மணலுக்குப் போக வேண்டும்.

அந்த மணலில்தான் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கி நிற்கிறது. 1969இல் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வுபெற்ற ஃபாக்ஸ்ட்ராட் வகைக் கப்பல். வேட்டையாடும் விமானமும் அது தேடிப் பழகிய வகைக் கப்பலும் ஒரு சாலையின் இரு பக்கமும் நிற்பது உலகில் அபூர்வமான ஏற்பாடு. வருபவர்கள் முதலில் குர்சுராவுக்குள் போய்விட்டு, பிறகு விமானத்துக்கு வர வேண்டும் என்பது என் பரிந்துரை. அதன் குறுகிய வட்டக் கதவுகள் வழியாகக் குனிந்து நடந்து, ஒரு சிறு சத்தமும் வெளியே போய்விடாதபடி எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த இடத்தைப் பார்த்த பிறகுதான், எதிர்ப்பக்கக் கூடத்தில் இருக்கும் சோனோபாய் எதைக் கேட்பதற்காகச் செய்யப்பட்டது என்பது முழுமையாக விளங்குகிறது. நாங்கள் விமானத்தை முதலில் பார்த்துவிட்டதால், நீர்மூழ்கியிலிருந்து வெளியே வந்ததும் மீண்டும் சீட்டு வாங்கிக்கொண்டு சோனோபாய்க் கூடத்துக்குப் போனோம். வழிகாட்டி எங்களைக் கண்டு சிரித்துவிட்டு, முதல் முறை சொல்லாமல் விட்ட விளக்கங்களையும் சேர்த்து, மூடும் நேரம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.